ரிங் போனால் உயிர் இருக்கிறதா?

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. 'கபாலி' படம் வெளியான நாள் என்றால் ஆவடியில் பலருக்குச் சட்டென்று நினைவு வரும். அன்று காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. விமானப்படைக் குடும்பங்கள் வாழும் ஊர் என்பதால் இங்கே அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. "எங்கேயோ இறங்கிட்டாங்க சார், அரசாங்கம்தான் மறைக்குது" என்று இப்போதும் சொல்கிறார்கள்.

முதல் ஆதாரமாகக் காட்டுவது போனை. காணாமல் போனவர்களில் ஒருவருடைய எண்ணுக்கு ரிங் போனதாகக் குடும்பத்தார் சொன்னது அப்போது செய்தியானது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நம் காதில் கேட்கும் அந்த மணியோசை எதிர்முனைப் போனிலிருந்து வருவதல்ல, நெட்வொர்க் போடுவது. போனைத் தேடிக்கொண்டிருக்கும்போதும் அது ஒலிக்கலாம், அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தாலும் ஒலிக்கும். 2014இல் 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்திலும் இதே ரிங், இதே நம்பிக்கை. மறு ஆண்டு அதன் இறக்கைத் துண்டு ரீயூனியன் தீவில் கரை ஒதுங்கியது.

"இத்தனை ரேடார், சாட்டிலைட் இருந்துமா தெரியாது?" என்பது அடுத்தது. ரேடாருக்குத் தெரிந்தது. 23,000 அடியில் பறந்த விமானம் இடப்பக்கம் திரும்பி, மளமளவென்று உயரம் இழந்தது பதிவாகியிருக்கிறது. கரையிலிருந்து ஏறத்தாழ 150 கடல் மைல். ரேடார் அலை நேராகப் போகும், பூமியோ வளைந்தது. அவ்வளவு தூரத்தில் தாழ இறங்கும் விமானம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். சாட்டிலைட் நீரின் மேற்பரப்பைத்தான் படம் பிடிக்கும்.

"அப்படியானால் ஏன் கிடைக்கவில்லை?" இது நியாயமான கேள்வி. பதிலும் இதே கடலில்தான் இருக்கிறது. 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம், மூன்று பேருடன் காணாமல் போனது. நீருக்கடியில் ஒலி எழுப்பும் அதன் கருவியின் ஓசையை சிந்துத்வஜ் நீர்மூழ்கி கேட்டது; ஒரு மாதத்தில் கருப்புப் பெட்டியே மேலே வந்தது. ஏஎன்-32இல் அந்தக் கருவி இல்லை. மூன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் ஊமையாகக் கிடந்த இரும்பை எதைக் கேட்டுத் தேடுவது?

கடைசியில் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம்தான் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல். அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவில்லை, ஆகவே அவை அந்த ஏஎன்-32இன் சிதைவுகளாக இருக்கக்கூடும் என்று 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. ஏழரை ஆண்டு.

கோபம் இருந்தால் இங்கே காட்டுங்கள். படைவீரர்களோடு விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் எட்டு ஊழியர்களையும் ஏற்றிக்கொண்டு நடுக்கடலைக் கடந்த விமானத்தில் அந்தக் கருவி ஏன் இல்லை? மீதமுள்ள ஏஎன்-32 விமானங்களில் பொருத்திவிட்டார்களா? ஒளித்து வைத்த ஓடுதளத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, இந்த இரண்டையும் கேளுங்கள்.