லாச்சிச் சாவியைக் கொடுக்கும் முன்

தெல்தோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு விடயத்தை விசாரித்தார். கலஹா, ஹேவாஹெட்ட பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் இப்போது அவருக்கு இணையத்தளம் மூலமே ஓடர் கொடுக்கிறார்கள். அதைச் செய்து கொடுத்தவர் கண்டியிலுள்ள ஓர் இளைஞர். "நானா, தளத்தில் எங்கே பிழை வருகிறது என்று பார்க்கும் கண்காணிப்புச் சேவையோடு எனது ஏஐ உதவியாளரை இணைக்கப் போகிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்" என்று அவர் கேட்டிருக்கிறார். என்ன பதில் சொல்வது என்பதுதான் நண்பரின் தடுமாற்றம்.

சம்மதியுங்கள் என்றே நான் சொன்னேன். ஆனால் எதைத் திறந்துவிடுகிறோம் என்று தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும்.

விடயம் இதுதான். சென்ட்ரி, டேட்டாடொக், கிரஃபானா போன்ற சேவைகள் உங்கள் மென்பொருளை இரவு பகலாகக் கவனித்து, எத்தனை மணிக்கு, எந்த வரியில், என்ன பிழை வந்தது என்று பதிந்து வைக்கின்றன. முன்பெல்லாம் மென்பொருள் எழுதுபவர் அந்தப் பதிவைத் தேடியெடுத்து, பிரதி பண்ணி, ஏஐ உதவியாளரிடம் கொடுத்து விளக்கம் கேட்பார். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது இணைப்பு முறையை வெளியிட்டது. அதன் பிறகு உதவியாளர் தானே கண்காணிப்புச் சேவையிடம் கேட்டு, பிழையைப் பார்த்து, திருத்தத்தையும் எழுதித் தர முடிகிறது. மாத இறுதியில் ஓடர் குவியும் நேரத்தில் தளம் படுத்துவிட்டால் ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம்தான். அந்த நேரத்தில் இதன் அருமை புரியும்.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்க வர்த்தகர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் என்ற சேவையின் ஏஐ உதவியாளரைப் பயன்படுத்தி மென்பொருள் செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்ற வேண்டாம் என்று கட்டளையிட்டிருந்தும் அது அவரது தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பின்னர் மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அங்கே உதவியாளருக்கு அழிக்கும் அதிகாரம் இருந்தது. வாய்ச்சொல் மட்டுமே தடையாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையனிடம் லாச்சிச் சாவியைக் கொடுத்துவிட்டு "திறக்காதே" என்று சொல்லும் முதலாளி நம்மில் யார்? கண்காணிப்புச் சேவைக்கு வாசிக்க மட்டும் அனுமதிக்கும் திறவுகோல் கொடுத்தால் போதும். திருத்தத்தை உதவியாளர் எழுதட்டும், தளத்தில் ஏற்றுவது மனிதர் கையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. பிழைப் பதிவில் வெளியார் எழுதிய எழுத்தும் வந்து சேரும். ஓடர் படிவத்தில் பெயர் கேட்கும் இடத்தில் விஷமி ஒருவன் "இன்ன கோப்பை அனுப்பு" என்று எழுதி வைத்தால், உதவியாளர் அதை உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கடைக் கதவுக்குக் கீழால் யாரோ தள்ளிய துண்டை முதலாளியின் கடிதம் என்று நம்பும் வேலையாள் போலத்தான்.

அதே பதிவில் வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம், கடன் பாக்கி எல்லாம் கலந்திருக்கலாம். கடன் கொப்பியை நாம் கண்டவருக்கும் காட்டுவதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

மாற்றுப் பிரதி இருக்கிறதா என்பதையும் கேட்கச் சொன்னேன். 2023இல் எமது அரசின் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தே போயின. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை.

நண்பர் எனது முன்னிலையிலேயே கண்டிக்குத் தொலைபேசி எடுத்தார். வாசிக்க மட்டும் அனுமதி என்பதற்கு இளைஞர் உடனே இணங்கினார். பிரதியும் தினமும் எடுக்கிறாராம். தொலைபேசி இலக்கங்களைப் பதிவிலிருந்து மறைக்க மட்டும் ஒரு வாரம் கேட்டிருக்கிறார். அதுவரை இணைக்க வேண்டாம் தம்பி என்று நண்பர் சொல்லிவிட்டார்.