அகச்சிவப்பு ரிசீவரும் அதன் துபாஷியும்

ரிமோட்டின் பொத்தானை அழுத்தியும் கணிப்பொறி வாளாவிருக்குமாயின், "ரிசீவர் கெட்டது, வேறு வாங்குக" என்று தீர்ப்புக் கூறுவார் பலர். விசாரணையின்றி விதிக்கப்படும் இத்தீர்ப்பு முறையன்று என்பது எம் துணிபு. கை நடுங்கும் முதியவர்க்கும், சுட்டெலியைப் பற்றவியலாத நோயாளர்க்கும் ரிமோட்டின் பொத்தான்களே கணிப்பொறியின் வாயிலாதலும் உண்டன்றோ?

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்பார் கதிரவனொளியைப் பட்டகத்தாற் பிரித்து, செந்நிறத்திற்கு அப்பால் ஒளியே தோன்றாத இடத்தில் வெப்பமானியை வைக்க, அஃது ஏறக் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிரே ரிமோட்டின் தூது. பெரும்பாலான ரிமோட்டுகளில் அது நொடிக்கு ஏறக்குறைய 38,000 முறை துடிக்கும். ரிசீவர் அத்துடிப்பினைத் தேர்ந்துகொண்டு, அறையிலுள்ள பிற ஒளியைத் தள்ளிவிடும். ஆயினும் அது தரும் குறிப்புக்களின் பொருளைக் கணிப்பொறி தானே அறியாது; அறிவிப்பது 'டிரைவர்' என்னும் மென்பொருள். இப்பெயர் வண்டியோட்டியை நினைவூட்டுதல் இயல்பு. எமக்கோ பண்டைக் கும்பினியாரின் துபாஷியே நினைவிற்கு வருகின்றான். துபாஷியில்லாத கச்சேரியில் எத்துணை நல்ல தூதனும் ஊமையே.

ஆதலின் முதலில் தூதனை ஆராய்க. ரிமோட்டைக் கைப்பேசியின் காமிராவிற்கு நேரே பிடித்து அழுத்தினால், கதிர் வெண்மையாகவோ ஊதாவாகவோ மின்னும். சில காமிராக்கள் அதனை வடிகட்டிவிடுமாதலின் முன்பக்கக் காமிராவிலும் பார்த்தல் நன்று. இரண்டிலும் மின்னாவிடின் பாட்டரியை மாற்றிப் பார்க்க. மின்னுமாயின், கணிப்பொறி ரிசீவரை அறிந்துள்ளதோவெனக் காண்க. லினக்ஸில் 'டிமெசெக்' என்னும் கட்டளை, கருவியைச் செருகியபொழுது நிகழ்ந்ததைக் கூறும். 'ஐஆர்-கீடேபிள்' என்பது எந்த டிரைவர் அமர்ந்துள்ளதென்றும், என்இசி, ஆர்சி-5 முதலிய குறிமுறைகளுள் எது இயங்குகின்றதென்றும் காட்டும். குறிமுறை பொருந்தியிருப்பின், அதனையே சோதனை முறையில் இயக்க, அழுத்துந்தோறும் ஓர் எண் தோன்றும். எண் தோன்றியும் வேலை நடவாதாயின், ரிசீவரும் டிரைவரும் குற்றமற்றவை. எண்ணை விசையோடு இணைக்கும் அட்டவணையையும், அவ்விசையை ஏற்கும் செயலியையுமே நோக்குதல் வேண்டும்.

பழுதெனத் தோன்றுவது சில வேளை பெயர் மாற்றமேயாம். ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியில், லினக்ஸ் 4.19 பதிப்பு முதலாகப் பழைய 'லிர்க்-ஆர்பிஐ' நீங்கி, 'ஜிபிஐஓ-ஐஆர்' அவ்விடத்தைப் பெற்றது. பழைய குறிப்பை நம்பிப் பழைய பெயரையே எழுதுவோர், கம்பிகளைக் கழற்றியும் மாட்டியும் சலித்து, நல்ல ரிசீவரைக் குப்பையில் எறிவர்.

வணிகர் கடனும் ஈண்டு ஒன்றுண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10இல் மீடியா சென்டரை விடுத்தது. அதற்கென விற்கப்பட்ட ரிசீவர்கள் பல, லினக்ஸில் 'எம்சிஇயுஎஸ்பி' என்னும் டிரைவரால் இன்றும் பணிபுரிகின்றன. ஆகவே ஒரு கருவியைக் கைவிடும் நிறுவனம், அதன் டிரைவரின் மூலத்தை யாவர்க்கும் வெளியிடுதல் வேண்டும் என்பேம்.

வெளியிடின் போதுமோவெனின், போதாது. கணிப்பொறிகள் தம்முள் அகச்சிவப்புக் கதிரால் செய்தி பரிமாறுதற்கு லினக்ஸில் 'ஐஆர்டிஏ' என்னும் பகுதி ஒன்றிருந்தது. 2018இல் 4.17ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. அதன் மூலம் எவரும் படிக்குமாறு திறந்தே கிடந்தது. பேணுதற்கு ஒருவரும் முன்வந்திலர்.