சர்வருக்கு ஏசி, நெல்லுக்குத் தார்ப்பாய்

டிஸ்கி: இது அரசியல் பதிவு இல்லீங்க, ஈரப்பதம் பத்தின பதிவு. ஆனா தஞ்சாவூர்ல ரெண்டும் ஒண்ணுதான் :)

நான் ஆணி பிடுங்குவது சர்வர் அறையில். அங்கே காற்றில் ஈரம் ஏறினால் போர்டு அரிக்கும். ரொம்பக் காய்ந்தாலும் வம்பு, நிலைமின்சாரம் தாவி சிப்பைப் பதம் பார்த்துடும். ஆஷ்ரேன்னு ஒரு அமெரிக்க அமைப்பு 2004-ல் 40 முதல் 55 சதவீதம்னு எல்லை போட்டது. அவ்வளவு கறார் வேண்டாம்னு 2008-ல் மேல் எல்லையை 60 ஆக்கினாங்க. எல்லை தாண்டினால் யாரும் சர்வரைத் திட்டுவதில்லை. அறையைச் சரி பண்றோம்.

இப்ப நம்ம டெல்டாவுக்கு வாங்க.

குறுவை அறுப்பு முடியுற நேரமும் வடகிழக்குப் பருவமழை இறங்குற நேரமும் ஒண்ணுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டாங்க. காற்றின் ஈரம் வேற, தானியத்தின் ஈரம் வேற, ஒத்துக்கறேன். ஆனா நெல்லு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமி! அடைமழை நாளில், ரோட்டோரம் தார்ப்பாய்க்குள் குவிச்சு வெச்ச நெல்லு எப்படிக் காயும்? மூடினால் உள்ளே புழுங்கி முளை விடும், திறந்தால் நனையும்.

அப்புறம் வருஷா வருஷம் அதே நாடகம். மாநில அரசு கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். 2022 அக்டோபரில் 19 ஆச்சு. 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழைக்குப் பிறகு 20 ஆச்சு. 2025-ல் 22 கேட்டோம், நவம்பரில் முடியாதுன்னுட்டாங்க.

"ஈர நெல்லை வாங்கினா பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பாகும், ரேஷன்ல நீயே திட்டுவே"ன்னு பின்னூட்டத்தில் கும்ம வர்றவங்களுக்கு: சரிதான். நெல்லு கெடாம இருக்க ஈரம் குறைஞ்சே ஆகணும். என் கேள்வி, அதைக் குறைக்க வேண்டியது யார்? மழை எந்த மாசம் வரும்னு தெரியும். அறுப்பு எந்த மாசம்னும் தெரியும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-லிருந்து இருக்கு. கொண்டு வந்த அன்னிக்கே எடை போட்டு, உலர்த்தும் இயந்திரத்தில் காயவெச்சு, கூரைக்குக் கீழே அடுக்கினால் 17-ஆ 22-ஆன்னு டெல்லிக்குக் காவடி எடுக்கும் வேலையே பாதி குறையும். எல்லா நிலையத்துக்கும் கூரையும் உலர்த்தியும் கொடுக்காம, ஈரமானியை மட்டும் கொடுத்தால் அது கொள்முதல் இல்லை, தேர்வு. அதுவும் பாடமே நடத்தாம வைக்கிற தேர்வு.

பெட்டியில இருக்கிற மெஷினுக்கு நாள் முழுக்க ஈரத்தைக் கண்காணிக்கத் தெரிஞ்ச நாட்டுக்கு, மூட்டையில இருக்கிற சோத்துக்கு அதைச் செய்யத் தெரியாதுன்னு சொன்னா நம்ப நான் தயாரா இல்லை.

நெல்லுல ஈரம் ஜாஸ்தியாம். மத்த இடத்துலதான் சுத்தமா இல்லை.