ஆட்சியில் ஒரு நா. ஓய்வில் ஒரு நா!

போர் தொடங்குவார் பேச்சும், போர் முடிந்தபின் அவரே பேசும் பேச்சும் ஒன்றாயிருப்பதில்லை. ஆட்சி இருக்கையில் அமர்ந்திருக்கும்போது ஒரு நா; அவ்விருக்கையை விட்டிறங்கி, நரைமூப்பெய்தி, நினைவுநூல் எழுதும் அகவையில் வேறொரு நா. முன்னைய நா இளைஞரைக் களத்துக்கு அனுப்புகிறது. பின்னைய நா அவர்தம் கல்லறைமுன் நின்று வருந்துகிறது. இவ்விரு நாக்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் செத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே உலக அரசியலை அறிய விரும்புவார்தம் முதற்கடனாகும்.

இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வல்லரசுகளின் அமைச்சர்களும், ஓய்வுபெற்ற படைத்தலைவர்களும், தூதர்களும் ஓயாமல் நேர்காணல் வழங்கிக்கொண்டிருக்கின்றனர். நம்மவரோ அவற்றைப் பந்தாட்டம் பார்ப்பது போல் பார்க்கின்றனர். யார் யாரை மடக்கினார், யார் திணறினார் என்பதே பேச்சாய் இருக்கிறது. நேர்காணல் ஆட்டமன்று, அது வாய்மொழிச் சான்று. போர் நடத்துவோன் தன் வாயாலேயே தன்னைப்பற்றி எழுதித் தரும் ஆவணம். அமெரிக்க வல்லரசின் போர்களைப் பற்றிய சில நேர்காணல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார்க்கு இவ்வுண்மை தெற்றென விளங்கும்.

வியத்துநாமிலிருந்து தொடங்குவோம். 1964 ஆகசுட்டு 4-ஆம் நாள், தொங்கின் வளைகுடாவில் தன் போர்க்கப்பல்களை வட வியத்துநாம் படகுகள் தாக்கின என்று அமெரிக்க அரசு உலகுக்கு அறிவித்தது. இரண்டு நாட்களுக்கு முன்னர் ஒரு மோதல் நிகழ்ந்தது மெய். 4-ஆம் நாளைய தாக்குதலோ நடவாத ஒன்று. ஆயினும் ஆகசுட்டு 7-இலேயே, குடியரசுத் தலைவர் சான்சன் தாம் வேண்டியவாறு படை செலுத்தலாம் என்னும் தீர்மானம் பேராளர் அவையில் எதிர்ப்பார் ஒருவருமின்றி 416 பேர் இசைவோடும், மேலவையில் 88 பேர் இசைவோடும் நிறைவேறியது. மேலவையில் எதிர்த்தவர் மோர்சு, குரூனிங் என்னும் இருவரே. அவ்விருவரும் 1968-ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் இருக்கையை இழந்தனர் என்பதையும் மறவாதீர். உண்மையை உரிய நாளில் உரைத்தார்க்குக் கிடைத்த கூலி அது!

அந்நாளில் போர்த்துறை அமைச்சராய் இருந்தவர் மக்னமாரா. 1995-இல் அவர் அனோய் நகர்க்குச் சென்று, தம்மை எதிர்த்துப் போரிட்ட படைத்தலைவர் சியாப்பை நேரிற் கண்டு, அந்த இரண்டாம் தாக்குதல் நடந்ததா என்று கேட்டார். நடக்கவில்லை என்பதே விடை. 2003-இல் எரல் மாரிசு எடுத்த ஆவணப்படத்துக்காக நெடுநேரம் நேர்காணப்பட்டபோது, 4-ஆம் நாள் தாக்குதல் நிகழவேயில்லை என்று மக்னமாரா தாமே ஒப்புக்கொண்டார். அமெரிக்க ஒற்றுத்துறையைச் சார்ந்த வரலாற்றறிஞர் எழுதி, 2005-இல் வெளியிடப்பெற்ற ஆய்வும் அதனையே உறுதி செய்தது. ஒரு சொல் மெய்யாவதற்கு நாற்பதாண்டு! அதற்குள் அமெரிக்கர் 58,000 பேர்க்குமேல் மாண்டனர். வியத்துநாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டுப் பொதுமக்களும் போராளிகளுமாக இறந்தோர் 30 இலக்கத்துக்கும் மேற்பட்டோர்.

மக்னமாரா தம் பிழையை ஒப்பினாரே, அது பெருந்தன்மையன்றோ என்பர் சிலர். ஒப்பாதாரினும் ஒப்பினார் மேலானவரே, ஐயமில்லை. ஆனால் 1967-ஆம் ஆண்டிலேயே இப்போர் வெல்லுதற்கரியது என்பதை அவர் உணர்ந்து, தம் தலைவர்க்கு மறைவாக எழுதியும் கொடுத்திருந்தார். 1968-இல் பணி விலகினார், உலக வங்கியின் தலைவரானார், வாய் திறந்திலர். மாண்ட அமெரிக்கருள் பாதிக்கு மேற்பட்டோர் அவர் விலகிய பின்னரே மாண்டனர். விலகியபின் ஏன் போருக்கெதிராகப் பேசவில்லை என்று அவ்வாவணப்படத்தின் இறுதியில் வினவப்பட்டபோது, இதற்குமேல் சொல்வதற்கில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். பிழை இது என்று சொல்ல வாய் வந்தது. அறிந்தும் அமைதியாயிருந்த அவ்வாண்டுகட்கு விடைசொல்ல வாய் வரவில்லை.

அடுத்தவர் கிசிங்கர். சூழ்வினைத் திறத்துக்கே மறுபெயர் என்று உலகத் தாளிகைகளெல்லாம் போற்றியவர். 1972 அகுதோபர் 26-இல், அமைதி கைக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டதென்று செய்தியாளர்க்கு அறிவித்தார். சில நாட்கள் கழித்து, நவம்பர்த் தொடக்கத்தில், இத்தாலியச் செய்தியாளர் ஒரியானா பல்லாச்சியிடம் நேர்காணலுக்கு அமர்ந்தார். அவ்வம்மையார் கேட்ட வினாக்கள் நீண்டவையல்ல, கூரியவை. தம் புகழுக்குக் கரணியம் யாதென வினவியபோது, வண்டித்தொடர்க்கு முன்னே தன்னந்தனியனாய்க் குதிரையூர்ந்து ஊருக்குள் நுழையும் ஆநிரை மறவனோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார் கிசிங்கர். மன்றமும் மக்களும் அமைச்சரவையும் பின்னே வரும் வண்டிகள். தாம் ஒருவரே முன்னே செல்லும் மறவர்! இப்போர் பயனற்ற போர் என்று கருதவில்லையா என்னும் வினாவுக்கோ, அதில் தாமும் உடன்படக் கூடுமென்று விடையளித்தார்.

எண்ணிப் பாருங்கள்! பயனற்றதென்று தம் வாயால் இசைந்த அப்போரில், அடுத்த திங்களே, திசம்பர் 18 முதல் 29 வரை, அனோய், ஐபோங் நகரங்களின்மேல் பெருவானூர்திகள் குண்டு பொழிந்தன. பாக் மாய் மருத்துவமனை இடிந்து விழுந்தது. பொதுமக்கள் 1,600 பேர்க்குமேல் இறந்தனர் என்பது வட வியத்துநாம் அரசின் கணக்கு. 1973 சனவரி 27-இல் பாரிசில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டின் அமைதிக்கான நோபல் பரிசு கிசிங்கர்க்கும், எதிர்த்தரப்பில் அவரோடு பேசிய இலெ துக் தோவுக்கும் அறிவிக்கப்பட்டது. தம் நாட்டில் அமைதி இன்னும் நிலவவில்லை என்று கூறி அதனை ஏற்க மறுத்தார் இலெ துக் தோ. கிசிங்கர் ஏற்றுக்கொண்டார். இருவருள் அமைதியின் பொருளறிந்தவர் யாவர் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. செய்தியாளரோடு தாம் நிகழ்த்திய உரையாடல்களுள் பெருங்கேடாய் முடிந்தது பல்லாச்சியோடு பேசியதே என்று பின்னாளில் கிசிங்கர் எழுதினார். குண்டுவீச்சன்று, குண்டுவீசுவோன் நெஞ்சைத் திறந்து காட்டிய நேர்காணலே அவர்க்குக் கேடாய்த் தோன்றியது! நூறாண்டு நிறைவாய் வாழ்ந்து, 2023 நவம்பரில் மறைந்தார்.

அவர்தம் தலைவர் நிக்சன், 1969 மார்ச்சு முதல் பதினான்கு திங்கள் கம்போதியாமேல் மறைவாகக் குண்டுவீசச் செய்தவர். தம் நாட்டு மன்றத்துக்கும் அது மறைக்கப்பட்டது. படைத்துறை ஏடுகளில் பொய்க்கணக்கு எழுதப்பட்டது. 1974 ஆகசுட்டில் பணி துறந்த அவர்க்கு, அடுத்த திங்களே புதிய தலைவர் போர்டு பொதுமன்னிப்பு வழங்கினார். எனவே வழக்குமன்றம் அவரை உசாவ வழியில்லாமற் போயிற்று. 1977-இல் தேவிட் பிராசுட்டு என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சியாளரே அவரை உசாவினார். அதற்காக நிக்சன் பெற்ற தொகை 6 இலக்கம் தாலர். வருவாயில் பங்கு வேறு. குற்றஞ் சாட்டப்பட வேண்டியவர்க்குக் கூலி கொடுத்து உண்மையைக் கேட்க வேண்டியிருந்தது! ஆயினும் பிராசுட்டு ஆவணங்களை ஆய்ந்து அணியமாய்ச் சென்றமையால் ஒரு பயன் விளைந்தது. போரை எதிர்த்த தம் குடிமக்களை ஒற்றறியவும், அவர்தம் இல்லங்களிற் புகவும் வகுத்த திட்டத்தைப் பற்றிய வினாவுக்கு, குடியரசுத் தலைவர் ஒன்றைச் செய்தால் அது சட்டமீறலாகாது என்னும் கருத்துப்பட விடையிறுத்தார் நிக்சன். முடியரசர் காலத்து மொழி அது. குடியரசுத் தலைவர் வாயினின்று வந்தது. அயல்நாட்டின்மேல் சட்டமின்றிக் குண்டெறியத் துணிந்தவன், தன் நாட்டான் கதவையும் சட்டமின்றி உடைப்பான் என்பதற்கு இதினும் வேறு சான்று வேண்டா.

வியத்துநாமோடு இது முடிந்ததா? இல்லை. 1990-இல் ஈராக்கின்மேல் விதிக்கப்பட்ட பொருளியல் தடையால் உணவும் மருந்துமின்றி அந்நாட்டு மக்கள் நலிந்தனர். 1996 மே 12-இல் ஒளிபரப்பான நேர்காணலில், குழந்தைகள் ஐந்து இலக்கம் பேர் இறந்தனர் என்கிறார்களே, இவ்விலை தகுமா என்று இலெசுலி சுடால் என்னும் செய்தியாளர் வினவினார். ஒன்றிய நாடுகள் அவையில் அமெரிக்கத் தூதராயிருந்த ஆல்பிரைட்டு அம்மையார், அது கடினமான முடிவே ஆயினும் அவ்விலை தகுமென்று விடை தந்தார். அவ்வெண்ணிக்கை ஐயத்துக்குரியதெனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வம்மையார் எண்ணிக்கையை மறுத்திலர். ஏற்றுக்கொண்டு விலை பேசினார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. ஏழாண்டு கழித்துத் தம் நினைவுநூலில் அவ்விடைக்காக வருந்தி எழுதினார். இடையே, 1997-இல், அந்நாட்டின் வெளியுறவு அமைச்சராக உயர்ந்திருந்தார்.

பிறகு 2003. திக் செனி என்பாரை நோக்குவோம். 1991-ஆம் ஆண்டுப் போரில் போர்த்துறை அமைச்சராயிருந்த அவர், 1994-இல் தந்த நேர்காணலில், பாக்தாது வரை ஏன் செல்லவில்லை என்பதை அழகாக விளக்கினார். சென்றிருந்தால் அமெரிக்கா தனித்து நின்றிருக்கும். ஈராக்கு பல கூறாய்ச் சிதறும். அது மீளவியலாத சேறு என்றெல்லாம் உரைத்தார். அவரே 2003 மார்ச்சு 16-இல், துணைத்தலைவர் இருக்கையிலிருந்து பேசும்போது, அமெரிக்கப் படையை ஈராக்கியர் விடுதலை தந்தாராய் வரவேற்பர் என்றார். நான்கே நாளில் போர் மூண்டது. 1994-இல் சொன்ன சேறு ஒவ்வொன்றும் பலித்தது. அமெரிக்கப் படைஞர் 4,400 பேர்க்குமேலும், ஈராக்கியர் இலக்கத்துக்கு மேலும் இறந்தனர். அறியாமற் செய்தார் என்று சொல்ல இடமுண்டா? அறிந்ததை ஒன்பதாண்டுக்கு முன்னரே அவர் வாய் சொல்லியிருக்கிறதே!

அப்போருக்காக 2003 பிப்ரவரி 5-இல் ஒன்றிய நாடுகள் அவையில், ஈராக்கிடம் பேரழிவுப் படைக்கலங்கள் உள்ளனவென்று படங்களும் ஒலிப்பதிவும் காட்டிப் பேசியவர் வெளியுறவு அமைச்சர் கொலின் பவல். அத்தகைய படைக்கலக் குவியல் எதுவும் இல்லையென்று அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக்குழுவே 2004-இல் அறிவித்தது. 2005 செப்தம்பரில், பணியிலிருந்து இறங்கியபின் தந்த நேர்காணலில், அவ்வுரை தம் வாழ்வில் ஒரு கறை என்றார் பவல். கறை அவர் பெயரில் படிந்தது. குருதி எங்கோ ஒரு நாட்டு மண்ணில் படிந்தது.

இவற்றையெல்லாம் நாம் அறிவது எவ்வாறு? அமெரிக்க நாட்டிலேயே துணிந்து வினவுவாரும், ஆவணங்களை வெளிக்கொணரும் சட்டமும் இருப்பதால் அறிகிறோம். இதனை ஒப்புக்கொள்வதே நடுநிலை. வினவுவார் வாயையே அடைத்துவிடும் வல்லரசுகளும் உலகில் உண்டு; அவற்றின் பொய்கள் ஓய்வுக்காலத்திலும் வெளிவருவதில்லை. ஆனால் வினவும் உரிமையிருந்தும், வினவ வேண்டிய நாளில் வினவாதிருந்தால் அவ்வுரிமையால் என்ன பயன்? ஈராக்கைப் பற்றித் தாம் வெளியிட்ட செய்திகளைப் போதிய அளவு ஆய்ந்து பாரோம் என்று நியூயார்க்கு தைம்சு நாளிதழ் ஒப்புக்கொண்டது 2004 மே 26-இல். அஃதாவது போர் தொடங்கி ஓராண்டுக்குமேல் கழிந்தபின். பல்லாச்சியோ, போர் நடக்கும்போதே 1969-இல் சியாப்பையும், பின்னர்க் கிசிங்கரையும், தென் வியத்துநாம் தலைவர் தியூவையும் கேட்டவர். அதுவே நேர்காணலின் இலக்கணம்: இருபுறத்தாரையும் கேட்பது, இறந்தபின் கேளாது, இறப்பதற்குமுன் கேட்பது.

தமிழர்க்கு இங்கொரு தனிக்கடமை உண்டு. போர் நடத்துவோர் முதலில் கைவைப்பது சொல்லின்மேல். சிற்றூர்களை எரித்து மக்களை வெளியேற்றியதை வியத்துநாமில் 'அமைதிப்படுத்தல்' என்றனர். 1970-இல் கம்போதியாவுக்குள் படை புகுந்ததைப் 'படையெடுப்பு' என்னாமல், சிறு 'நுழைவு' என்றனர். பொதுமக்களைக் கொன்றதைப் 'பக்க அழிவு' என்கின்றனர். சிறைப்பட்டோரை வதைத்ததை 2001-க்குப் பின் 'மேம்படுத்திய உசாவல்' என்றனர். இச்சொற்களை நம் செய்தித்தாள்கள் அப்படியே தமிழாக்கித் தருகின்றன; ஆங்கிலப் பொய் தமிழ் உடுத்து வருகிறது. அயற்சொல்லைக் களைந்துவிட்டோம் என்று நாம் மகிழ்ந்திருக்கையில், அயலாரின் கரவு தமிழ்ச்சொல்லுக்குள்ளேயே குடிபுகுகிறது. கொலையைக் கொலையென்றும், வதையை வதையென்றும், படையெடுப்பைப் படையெடுப்பென்றும் எழுதுவதே தூய தமிழ். ஒலியில் தூய்மையும் பொருளில் பொய்மையும் உடைய மொழி நமக்கு வேண்டா.

ஆகவே, அன்பர்களே! அடுத்தமுறை ஓர் அமைச்சரோ படைத்தலைவரோ திரையில் தோன்றி, இப்போர் விரைவில் முடியும், இதனால் விடுதலை பிறக்கும், வேறு வழியே இல்லை என்று பேசும்போது அவர் சொல்லை நாளிட்டுக் குறித்து வையுங்கள். அவரே முன்னர் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள். குண்டு விழும் ஊரில் இருப்பவனை யாரேனும் நேர்கண்டனரா என்று கேளுங்கள். முப்பதாண்டு கழித்து வரும் வருத்தவுரை வரலாற்று நூலுக்கு உதவும். மண்ணுக்குள் போனவனுக்கு உதவாது. வாய்மைக்கு ஓய்வுக்காலம் என்றொரு தனிக்காலம் இல்லை. அது சொல்லப்பட வேண்டிய நாள், முதற் குண்டு விழுவதற்கு முந்தைய நாள்!