சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதா?

தமிழினி எழுதிய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ என்னும் நூல் 2016 பிப்ரவரியில் காலச்சுவடு பதிப்பக வெளியீடாக வந்தது. அன்று கிளம்பிய கூச்சல் இன்னும் அடங்கியபாடில்லை. மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவுநாள் நெருங்கினால் போதும், கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் தேநீர்க் கடைப் பெஞ்சுகளில்கூட அந்தப் பேச்சு எழும்பிவிடுகிறது. “அது அந்த அம்மா எழுதியதா, ராணுவக்காரன் எழுதிக் கொடுத்ததா?”

யார் இந்தத் தமிழினி? கிளிநொச்சியை அடுத்த பரந்தனில் பிறந்தவர், இயற்பெயர் சிவகாமி. 1991 இல், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தார். மகளிர் அரசியல் துறையின் பொறுப்பாளராக உயர்ந்தார். 2009 மே மாதம் யுத்தம் முடிந்த கையோடு பிடிபட்டு, சிறையிலும் புனர்வாழ்வு முகாமிலும் கிடந்து, 2013 இல் வெளியே வந்தார். 2015 அக்டோபர் 18 அன்று மகரகமை மருத்துவமனையில் புற்றுநோய்க்குப் பலியானார். வயது 43. நான்கு மாதம் கழித்து நூல் வந்தது. ஏசுகிறவர்களுக்கு இது மிக வசதியாகப் போயிற்று. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் அல்லவா?

சந்தேகம் கேட்பது குற்றமல்ல. பகை அரசின் காவலில் நான்கு ஆண்டு இருந்தவர், வெளியே வந்த பிறகும் அந்த அரசின் பார்வையிலேயே வாழ்ந்தவர், எழுதியதை அப்படியே விழுங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அங்கே எழுத முடியாமல் போனவையும் இருக்கும். ஆனால் சாட்சியைச் சோதிக்க நாட்டில் ஒரு முறை உண்டு. சொன்னவருடைய நடத்தையை அலசுவதற்கு முன், சொன்ன சேதியை மற்றச் சாட்சிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்போம். கட்டாய ஆள்சேர்ப்பைப் பற்றி எழுதுகிறார். மக்கள் மனம் இயக்கத்தை விட்டு விலகியதைச் சொல்கிறார். தலைமை எடுத்த முடிவுகளைக் கேள்வி கேட்கிறார். இவை எந்தப் புலனாய்வுக்காரனும் புதிதாகக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டிய விஷயங்களா? ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011 இல் தந்த அறிக்கை, இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்றது. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலும் மருத்துவமனைகளிலும் அரசு குண்டு போட்டது என்றது. அதே அறிக்கை, புலிகள் பிள்ளைகளைப் பலவந்தமாகச் சேர்த்ததையும், தப்பி ஓடிய மக்களைச் சுட்டதையும் கூறுகிறது. முதல் பாதியை மேடையில் முழங்கி, இரண்டாம் பாதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்களே, இந்தச் சாமர்த்தியத்தை என்னென்பது!

யாருடைய பிள்ளைகள் அவர்கள்? வசதி படைத்தவன் பிள்ளையைக் கடல் கடத்தி லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டான். அனுப்ப வழியற்றவன் பிள்ளைதான் வன்னியில் நின்றது. அந்த வன்னி ஏழைகளிலே ஒரு பெரும் பகுதியினர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து மண்டபம் வழியாகத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் பேரன் பேத்திகள். 1948 இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மாட்டுச் சந்தைபோல் பங்கு பிரித்தார்கள். 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக் காட்டுக்கு ஓடி, காடு வெட்டிக் குடிசை போட்டவர்களின் வாசலிலேதான் கடைசியில் ஆள்பிடிக்க வந்து நின்றார்கள்.

கம்பம் பள்ளத்தாக்குத் தொழிலாளிக்கு இது தூரத்துச் சங்கதியா? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் பெண்களைக் கேளுங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையைச் சாக்கிட்டு இரு பக்கமும் வெறி மூட்டப்பட்டபோது அடிபட்டு மலையிறங்கியவர்கள் அந்தக் கூலிகள்தான். வெறியை மூட்டிய கனதனவான் எவனும் ஒருநாள் கூலியை இழக்கவில்லை.

நிற்க. “நூல் உண்மையாகவே இருக்கட்டும், சிங்களப் பேரினவாதிக்கு அது ஆயுதமாகிவிட்டதே!” என்பது இன்னொரு வாதம். அதே ஆண்டில் சிங்களத்திலும் நூல் வந்தது, பலர் வாசித்தார்கள், உண்மைதான். கொழும்பு அரசின் ஆதரவாளர்கள் இதைக் காட்டித் தங்கள் ரத்தக் கறையைக் கழுவப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. அதற்காக?

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டு பிராங்கோவுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கி, கழுத்தில் குண்டடி பட்டவர் ஜார்ஜ் ஆர்வெல். குடியரசுத் தரப்புக்குள்ளேயே நடந்த வேட்டையை அவர் எழுதப் போகிறார் என்று தெரிந்ததும், வழக்கமாக அவர் நூல்களை வெளியிட்ட இடதுசாரிப் பதிப்பாளர் கோலான்ஸ், எழுதி முடிக்கும் முன்னரே வேண்டாம் என்றுவிட்டார். 1938 இல் வேறொருவர் போட்டார். அச்சிட்ட 1,500 பிரதிகள் 1950 இல் ஆர்வெல் சாகும் வரை விற்றுத் தீரவில்லை. பகைவனுக்கு உதவும் என்பதே அன்றும் பேச்சு. பிராங்கோ வென்றது அந்தப் புத்தகத்தால் அல்ல, தோழர்களே. முள்ளிவாய்க்கால் வீழ்ந்தது 2009 இல். தமிழினியின் நூல் வந்ததோ 2016 இல்.

“பதவியில் இருந்தபோது வாய் மூடி இருந்தவர்தானே?” என்று மூன்றாவதாக ஒருவர் கேட்கிறார். இதுதான் நியாயமான கேள்வி. தமிழினியும் இதற்குத் தப்ப முடியாது. ஆனால் அங்கே வாய் திறந்தவர்கள் கதி என்ன? ‘முறிந்த பனை’ எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்துத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உள்ளே கேட்க இடமில்லாத கேள்வி, தோல்விக்குப் பிறகு வெளியே வந்துதான் தீரும். நம் சங்கங்களில் கிளைக் கூட்டம் நடத்தி, கணக்குக் கேட்டு, தலைவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதைத் தொந்தரவாக நினைக்கிற தோழர்கள் சிலர் உண்டு. அவர்களே முதலில் இந்த நூலைப் படிக்கட்டும்.

படிப்பகத்தில் ஒரு பிரதி வாங்கிப் போடுங்கள். புஷ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’, வேறோர் இயக்கத்தின் உட்கொலைகளைச் சொன்ன கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். முரண்படுகிற இடங்களில் கோடு போட்டு வாதாடுங்கள்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கந்தசாமி கோயில் முன்பாக உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். ராணுவத்திடம் தன் கையாலேயே பிள்ளையை ஒப்படைத்த தாய் அங்கே உண்டு. இயக்கம் இழுத்துப்போன பிள்ளை, பிறகு சரணடைந்து, அதன் பிறகு என்ன ஆனதென்று தெரியாத தாயும் உண்டு. அவர்கள் கேட்பதற்குக் கொழும்பில் எத்தனையோ ஆட்சி மாறியும் பதில் வரவில்லை.