டிஸ்க்கைப் படிக்க மறுக்குதா பழைய பிளேஸ்டேஷன்? எடைக்குப் போடும் முன் இதைப் பாருங்க!

பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் தம்பி குவைத்துக்கு வேலைக்குப் போகும் முன் விளையாடிய பிளேஸ்டேஷன் 2 பரணில் கிடந்தது. லீவுக்குப் பிள்ளைகள் எடுத்து டிவியில் மாட்டினார்கள். எந்த டிஸ்க் போட்டாலும் சிவப்புத் திரைதான் வருகிறது. கடையில் காட்டினால், 'லென்ஸ் போச்சு, பேசாம எடைக்குப் போட்டுடுங்க' என்கிறார்கள். தம்பி விளையாடிச் சேமித்து வைத்ததெல்லாம் போய்விடுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகாது சகோதரி. விளையாட்டில் எதுவரை வந்தோம் என்ற கணக்கு டிஸ்க்கிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. முன்பக்கம் செருகியிருக்கும் சின்ன மெமரி கார்டில் இருக்கிறது. டிஸ்க் எதுவும் போடாமல் பெட்டியை ஆன் செய்யுங்கள். 'பிரவுசர்' என்று வருவதைத் தேர்ந்தெடுத்து மெமரி கார்டைத் திறந்தால், தம்பி சேமித்தவை குட்டிக் குட்டி உருவங்களாக வரிசையாக நிற்கும். லேசர் செத்துப்போன பெட்டியிலும் இது தெரியும். அதே கார்டை வேறொரு பிளேஸ்டேஷன் 2-இல் செருகினாலும் வேலை செய்யும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'ஃபார்மேட் செய்யவா?' என்று திரையில் கேட்டால் பிள்ளைகள் 'யெஸ்' அழுத்திவிடக் கூடாது. அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். கார்டைக் கழற்றி, அதன் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள்.

இனி பெட்டிக்கு வருவோம்.

இது உலகறிந்த வியாதி

2000-ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான பிளேஸ்டேஷன் 2, உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்றது. டிஸ்க் படிக்காத கோளாறுக்காக அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்கே போட்டார்கள். குற்றச்சாட்டை ஏற்காமலேயே சோனி சமரசம் செய்துகொண்டது. 2013-இல் தயாரிப்பு நின்றது. 2018-இல் ஜப்பானிலேயே பழுது பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஆக, இனி நாமும் உள்ளூர் மெக்கானிக்கும்தான். அதனால் செலவில்லாத சோதனையில் தொடங்கி, ஒவ்வொரு படியாகப் போவதுதான் புத்திசாலித்தனம்.

படி 1: எந்த டிஸ்க் ஓடுகிறது?

ஒரு பாட்டு சிடி, ஒரு சினிமா டிவிடி, ஒரு கேம் டிஸ்க் என மூன்றையும் போட்டுப் பாருங்கள். சிடிக்கு ஒரு லேசர் ஒளி (780 நானோமீட்டர்), டிவிடிக்கு வேறொரு ஒளி (650 நானோமீட்டர்). சிடி ஓடி டிவிடி ஓடவில்லை என்றால், லென்ஸில் அழுக்கு சேர்ந்திருக்கலாம் அல்லது டிவிடி லேசர் களைத்திருக்கலாம். சினிமாவும் பாட்டும் ஓடி, குறிப்பிட்ட ஒரு கேம் மட்டும் ஓடவில்லை என்றால் லேசரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். துபாயில் வாங்கிய பெட்டியில் சிங்கப்பூரில் வாங்கிய கேம் ஓடாது. இரண்டுக்கும் மண்டலம் வேறு. நகலெடுத்த டிஸ்க்கும், உள்ளே மாற்றம் செய்யாத பெட்டியில் ஓடாது.

டிஸ்க் சுற்றவே இல்லையா? மெலிதான ஸ்லிம் மாடல் என்றால், மேல்மூடி சரியாக மூடவில்லை என்று பெட்டி நினைத்துக்கொண்டிருக்கலாம். மூடியை லேசாக அழுத்திப் பாருங்கள்.

படி 2: டிஸ்க்குக்குக் குளியல்

டிவிடியில் தகவல் ஒரு சுருள் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி 0.74 மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறத்தாழ நூறு சுற்றுகள் அடங்கும்! பலாச்சுளை எடுக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளும் ஊர் உங்களுடையது. அந்தக் கையோடு டிஸ்க்கைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு, தண்ணீர், மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி போதும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் கெடுக்கும். அதை இயந்திரமே சரிசெய்துகொள்ளும். பாதையோடு ஓடும் கீறல் நீளமாகத் தகவலைத் தின்றுவிடும். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். படம் அச்சிட்ட பக்கம் உரிந்து ஊசித்துளைபோல் வெளிச்சம் வந்தால், அந்த டிஸ்க்கைக் காப்பாற்றுவது கடினம்.

படி 3: லென்ஸ்

பரணில் கிடந்த பெட்டி, அதுவும் கடல் காற்று எட்டும் கடலூர்ப் பக்கம். தூசியும் ஈரமும் லென்ஸில் படலமாகப் படிந்திருக்கும். மழைக்காலமாக இருந்தால் முதலில் இரண்டு மணி நேரம் காற்றாட வையுங்கள்.

ஸ்லிம் மாடலில் மூடியைத் திறந்தாலே லென்ஸ் கண்ணாடிப் பொட்டுபோலத் தெரியும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பட்ஸில் ஒரே ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, இறகு வருடுவதுபோலத் துடையுங்கள். செல்போன் சர்வீஸ் கடையில் 'ஐபிஏ' என்று கேளுங்கள். சானிடைசர் வேண்டாம், படலம் விட்டுவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது, பிளாஸ்டிக் லென்ஸை மங்கடித்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். காய்ந்ததும் டிஸ்க் போட்டுப் பாருங்கள். பல பெட்டிகள் இந்தப் படியிலேயே பிழைத்துக்கொள்ளும்.

தட்டு முன்பக்கம் வெளியே வரும் பெரிய மாடல் என்றால், வீட்டில் திறக்காதீர்கள். வீட்டு மின்சாரம் நேரடியாக உள்ளே வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். இன்னொன்று: மூடி உணரும் பொத்தானில் தீக்குச்சியைச் செருகி, லேசர் எரிகிறதா என்று எட்டிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகள் செய்யவே கூடாது. சிடி லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

படி 4: மெக்கானிக்கிடம் போகும்போது

லேசர் பக்கத்தில் மிகச் சின்ன திருகு ஒன்று உண்டு. அதைத் திருகினால் லேசருக்குப் போகும் மின்னோட்டம் கூடி, டிஸ்க் உடனே ஓடும். வீட்டுக்கு வந்து சில நாள் ஓடிவிட்டு, மொத்தமாக அணைந்துவிடும். களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுவது போன்றதுதான் இது. "திருகு வேண்டாம் அண்ணே, துடைத்துப் பாருங்க. முடியலைன்னா லென்ஸ் மாத்துறதைப் பத்திப் பேசலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

லென்ஸ் மாற்றுவதானால் பெட்டியின் அடியில் எஸ்.சி.பி.ஹெச். என்று தொடங்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் லென்ஸ் வேறு. உள்ளூரில் கிடைக்காவிட்டால், சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்க அந்த எண்தான் வேண்டும். வேலை முடிந்ததும் கடையிலேயே ஒரு சிடி, ஒரு டிவிடி கேம் இரண்டையும் கால் மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் மெமரி கார்டைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். லென்ஸ் போனால் இன்னொன்று வாங்கலாம். பெட்டியே போனாலும் பழையது ஒன்று தேடிப் பிடிக்கலாம். தம்பி ராத்திரியெல்லாம் கண்விழித்து ஜெயித்தது அந்த 8 எம்.பி. கார்டில் மட்டும்தான் இருக்கிறது.