ஓர் எஞ்சின் போதுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பார்கள். எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் முன்னால் வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆயினும் நின்ற தேர் அசைய வேண்டுமானால், பின்னால் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புகிறவர்கள் வேண்டும். பள்ளிக்கூடமே அறியாத என் தந்தையார் ஆண்டுதோறும் தடி போடுகிறவர். அந்தக் காட்சி என் நினைவுக்கு வந்த இடம், மகாராஷ்டிர மலையடிவாரத்திலுள்ள கர்ஜத் இரயில் நிலையம்!

கோடை விடுமுறையில் மும்பையில் சித்தப்பாவின் கடையில் வேலை செய்துவிட்டு, முன்பதிவில்லாப் பெட்டியில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலை ஊன்ற இடமில்லாத கூட்டம். கர்ஜத்தில் வண்டி நின்றது. சிறிது நேரத்தில் பின்னாலிருந்து ஓர் அதிர்வு. “பேங்கர் மாட்டுகிறார்கள் தம்பி, இனி மலை ஏற வேண்டுமே!” என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். முன்னால் 6,000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் இருக்கும்போது, பின்னால் தள்ளுவதற்கு வேறு எஞ்சின்கள் எதற்கு?

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 பெட்டிகள் கொண்ட வண்டியின் எடை ஏறத்தாழ 1,200 டன். அதை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சின் 123 டன். கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரை சுமார் 28 கிலோமீட்டர் போர்காட் மலைப்பாதை. அங்கே ஏற்றம் 37-க்கு 1. அதாவது, வண்டி பின்னோக்கி உருளாமல் நிற்கவே சுமார் 36 டன் விசை வேண்டும். அந்த எஞ்சினின் உச்ச இழுவிசையோ ஏறத்தாழ 33 டன்தான்! சமவெளியில் ஒற்றை ஆளாக ஓடும் எஞ்சின் இங்கே தோற்பதன் காரணம் இதுவே.

குதிரைத்திறனைக் கூட்டினால் போதாதா? போதாது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைப் பற்றும் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே, தண்டவாளத்தைப் பற்றி உழைக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை பெருக வேண்டும். எல்லா எஞ்சின்களையும் முன்னாலேயே பூட்டினால் முதற்பெட்டியின் இணைப்பு முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும். பின்னாலிருந்து தள்ளினால் பாரம் பங்கிடப்படுகிறது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். 2019-இல் மும்பையிலிருந்து டில்லிக்கு நாசிக் வழியாக ஓடும் ராஜதானி வண்டிக்கு இரு முனைகளிலும் எஞ்சின் பூட்டினார்கள். மலையடியில் பேங்கருக்காகக் காத்திருக்கும் வேலை அதற்கு இல்லாமற் போயிற்று. குளிர்சாதனப் பெட்டியில் செல்வோருக்கு முதலில் கிடைத்த அந்த வசதி, 2023 டிசம்பர் 30-இல் தொடங்கிய அம்ரித் பாரத் வண்டிகளால் எளிய மக்களுக்கும் கிடைத்தது. குளிர்சாதனமற்ற 22 பெட்டிகள். இரு முனைகளிலும் எஞ்சின்கள். இரண்டையும் இயக்குபவர் ஒரே ஓட்டுநர். இதுவே சரியான பாதை. ஆனால் நான் வந்ததைப் போன்ற வண்டிகள் இன்னும் கர்ஜத்தில் காத்துத்தானே நிற்கின்றன?

“எல்லா வண்டிக்கும் இரண்டு எஞ்சின் என்றால் செலவு என்னாவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சமவெளியில் அதிகம் நில்லாமல் ஓடும் வண்டிக்கு இரண்டாவது எஞ்சின் வீண்தான். ஆனால் மலையேறும் வண்டிக்கும், பல நிலையங்களில் நின்று நின்று புறப்படும் வண்டிக்கும் அது வீணன்று. ஒவ்வொரு முறையும் விரைவாக வேகம் பிடிக்கலாம். திசை மாறும் நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் நேரமும் மிச்சம். அப்படி நின்று நின்று செல்லும் வண்டிகளில் ஏறுபவர்கள் யார்? பிழைப்புத் தேடிப் போகும் தொழிலாளர்களும், நம்மைப் போன்ற மாணவர்களுமே. கையில் காசு குறைந்தவனின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்று நாடு கருதுமானால், இரண்டாவது எஞ்சின் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அவனுடைய வண்டியே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வடம் பிடிப்பவன் மட்டுமே தேரை இழுத்தான் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஏற்றத்தில் நிற்கும் எந்த வண்டிக்கும் பின்னால் ஒரு கை வேண்டும், நண்பர்களே!